நகத்தில் நிறம் கரைய வேண்டும்: ஸ்பாஞ்சா, மினுக்கா, ஜெல்லா, ஒட்டு நகமா?

அக்கா மகளின் கல்லூரித் தோழிக்கு மே மாதம் ஏற்காட்டில் கல்யாணம். புடவை எடுத்தாகிவிட்டது, ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாகிவிட்டது, நகம்தான் பாக்கி. "சித்தி, அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நடுவில் கோடே தெரியக் கூடாது. பார்லர் போகாமல் வீட்டிலேயே போட முடியுமா?" என்றாள். முடியும் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் செல்போனில் நாலு வீடியோவைக் காட்டினாள். ஒன்றில் ஸ்பாஞ்ச், ஒன்றில் மினுக்கு (கிளிட்டர்), ஒன்றில் ஜெல் விளக்கு, ஒன்றில் ஒட்டு நகம். எது நல்லது என்பதுதான் அவள் கேள்வி.

அதே வாரம் இன்னும் இரண்டு பேர் இதையே கேட்டார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுப் பெண், கைக்குழந்தைக்காரி. இன்னொருவர் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்கு வீட்டிலிருந்தே வளையம் கோர்த்துத் தருகிற அக்கா. மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேராவது என்னைத் திட்டுவார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். நம் ஊரில் டபுள் ஷேடு என்றால் பட்டுக்காரர்கள் வேறொன்றைச் சொல்வார்கள். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். திருப்பினால் மயில் கழுத்து மாதிரி மாறும். இங்கே பேசுவது அதை அல்ல. ஒரு நிறம் இன்னொன்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது. காம்புப் பக்கம் சிவந்து, கீழே போகப் போக மஞ்சளாகிற செந்தூரா மாம்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பார்லரில் இதற்கு ஆம்ப்ரே என்று பெயர்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் "எது அழகாக வரும்" என்றுதான் தொடங்குகிறார்கள். நன்றாகப் போட்டால் நாலுமே அழகாகத்தான் வரும். என் கணக்கு வேறு.

எடுப்பது. போடுவதை விட இதைத்தான் முதலில் பார்ப்பேன். மினுங்கும் நகத்தோடு துக்க வீட்டுக்குப் போக முடியாது, அந்தச் செய்தி சொல்லிவிட்டும் வராது. பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் திங்கள்கிழமை காலைக்குள் நகம் சுத்தமாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றால் நகப்பூச்சை எடுத்துவிட்டு வரச் சொல்வார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப், அடர்த்தியான பூச்சின் மேல் தப்பான அளவைக் காட்டக்கூடும். நகத்தின் இயற்கை நிறத்தைப் பார்த்தும் மருத்துவர்கள் சிலவற்றைக் கண்டுபிடிப்பார்கள். பிரசவத் தேதி நெருங்கிய பெண்கள் இதை மறக்க வேண்டாம்.

வலது கை. வலது கைக்காரர்களுக்கு இடது கையில் எல்லா முறையும் நன்றாக வரும். வலது கைக்கு இடது கையால் போடும்போதுதான் சாயம் வெளுக்கும். வீடியோக்காரர்கள் பெரும்பாலும் ஒரு கையைக் காட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா?

சாப்பாடு. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். சாம்பார், மீன் குழம்பு, தட்டுவடை செட்டில் வைக்கிற சட்னி என்று மஞ்சளோ எண்ணெயோ விரல் நுனியில் படாத நாள் கிடையாது. வெள்ளை, இளஞ்சிவப்பு, உடல் நிறம் போன்ற வெளிர் பூச்சுகள் மஞ்சளைப் பிடித்துக்கொள்ளும். ஜெல்லுக்கும் ஒட்டு நகத்துக்கும் இது பொருந்தும்.

இடையில் எழுந்திருக்க முடியுமா. மொத்தம் ஒரு மணி நேரம் என்பது பிரச்சினை இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் குக்கர் விசிலோ குழந்தையோ காலிங் பெல்லோ குறுக்கிட்டால் வேலை பாழாகுமா என்பதுதான் கேள்வி.

காசு. பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் விலை இல்லை, அதற்குப் பின்னால் வாங்க வேண்டி வருகிறவற்றின் விலை.

## சேலத்து வெயிலும் ஏற்காட்டுப் பனியும்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சாதாரண நகப்பூச்சு என்பது நைட்ரோசெல்லுலோஸ் என்கிற பொருளை எளிதில் ஆவியாகும் கரைப்பான்களில் கலந்தது. கரைப்பான் பறந்ததும் மேலே படலம் தங்கிவிடும். அதனால் அறையின் சூடும் ஈரமும் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

மே மாதத்துச் சேலத்தில் மத்தியானம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஸ்பாஞ்சில் நிறத்தைப் பூசினால், அது நகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் காய ஆரம்பித்துவிடும். ஒற்றி எடுத்தால் சிலந்தி நூல் போல இழுபடும். பூச்சில் சின்னச் சின்னக் குமிழ்களும் வரும். விடிகாலையிலோ இரவு எட்டு மணிக்கு மேலோ விசிறியை நிறுத்திவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான்.

ஏற்காட்டில் நேர் எதிர். ஐப்பசி மாதம் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தபோது, வெளியே பனி மூடியிருக்க, திண்ணையில் உட்கார்ந்து அடர் சிவப்புப் பூசினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பளபளப்பே இல்லை, மேலே பால் தெளித்தது போல ஒரு மங்கல். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் அது அங்கே படிந்து படலத்தை வெளுக்கச் செய்கிறது. மர வார்னிஷ் அடிப்பவர்களுக்கும் மழைக்காலத்தில் இதே தொல்லைதான். காய்ந்துவிட்டது என்று நினைத்துக் கம்பளி போர்த்திப் படுத்ததில், காலையில் பத்து விரலிலும் கம்பளியின் நெசவு பதிந்திருந்தது.

அக்கா மகளுக்கு இதில் ஒரு பாடம். கல்யாணத்துக்கு முதல் நாள் மலை ஏறிப்போய் அறையில் உட்கார்ந்து போடலாம் என்று திட்டமிட வேண்டாம். சேலத்திலேயே முந்தின நாள் இரவு போட்டு, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறலாம். ஜெல்லுக்கு மட்டும் இந்தக் கவலை கிடையாது, அது ஆவியாகிக் காய்வது இல்லை.

## ஸ்பாஞ்ச்: மலிவு, ஆனால் பொறுமை கேட்கும்

பெரும்பாலானோர் இதில்தான் தொடங்குகிறார்கள். முகத்துக்கு மேக்கப் போடும் முக்கோண ஸ்பாஞ்ச் இருந்தால் நல்லது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் மஞ்சள் பக்கமும் நடக்கும், ஆனால் அதன் துளைகள் பெரியவை, பூச்சு திட்டுத்திட்டாக விழும்.

முதலில் பேஸ் கோட், அதாவது நிறமில்லாத அடிப்பூச்சு. அதன் மேல் ஒரு வெள்ளைப் பூச்சு. மஞ்சள் போன்ற நிறங்கள் வெள்ளை இல்லாமல் நகத்தில் எடுபடாது. வெள்ளை நன்றாகக் காய வேண்டும், இருபது நிமிடமாவது. இந்த நேரத்தில் நகத்தைச் சுற்றிய தோலில் ஃபெவிகாலை மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். கடைசியில் சிந்தின நிறத்தோடு சேர்த்து அதை உரித்து எடுத்துவிடலாம். செல்லோ டேப்பும் ஒட்டலாம், ஆனால் வளைவில் அது நிற்காது.

ஸ்பாஞ்சை நகத்தின் அகலத்துக்கு வெட்டுங்கள். தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள். காய்ந்த ஸ்பாஞ்ச் பூச்சை எல்லாம் குடித்துவிடும். அதன் மேல் மஞ்சள் ஒரு பட்டை, சிவப்பு ஒரு பட்டை, இரண்டும் ஒன்றையொன்று தொடும்படி. முதல் ஒற்றலைக் காகிதத்தில் போட்டு, இரண்டாவதை நகத்தில் போடுங்கள். அழுத்தக் கூடாது, தேய்க்கவே கூடாது. தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அரை மில்லிமீட்டர் மேலே, அரை மில்லிமீட்டர் கீழே நகர்த்துங்கள். கோடு கரைவது அந்த அசைவில்தான்.

முதல் பூச்சைப் பார்த்தால் நகத்துக்கு அம்மை போட்டது போல இருக்கும். பெரும்பாலானோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். விடாதீர்கள். இரண்டாவது பூச்சில் பாதி சரியாகும், மூன்றாவதில் புள்ளிகள் மறையும். லேசாகப் பிசுபிசுப்பு இருக்கும்போதே டாப் கோட்டை (கடைசியில் போடும் நிறமில்லாத மேல்பூச்சு) ஒரு பெரிய சொட்டாக எடுத்து, பிரஷ் நகத்தில் உரசாமல் மிதக்க விட்டு இழுங்கள். அந்தக் கரைப்பான் கீழே இருக்கும் நிறங்களை இளக்கி ஒன்றோடொன்று சேர்த்துவிடும். ஸ்பாஞ்ச் வேலையின் பாதி அழகு டாப் கோட்டால் வருவது.

வலது கைக்கு எனக்குத் தெரிந்த ஒரு வழி: நடுங்கும் இடது கையில் ஸ்பாஞ்சைப் பிடிக்காதீர்கள். மேஜை விளிம்பில் அதை வைத்து, வலது விரலைக் கொண்டுபோய் நகத்தை அதன் மேல் இடம் வலமாக உருட்டுங்கள். ரேகை வைப்பது போல. ஸ்பாஞ்ச் அசையாது, விரல் மட்டும் அசையும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

மறைந்திருக்கும் செலவு: ஒரு ஸ்பாஞ்ச் துண்டு மூன்று நாலு நகத்துக்கு மேல் தாங்காது, கெட்டியாகிவிடும். நகத்துக்குப் போகும் பூச்சை விட ஸ்பாஞ்சுக்குப் போவது அதிகம். இரண்டு நிறம், ஒரு வெள்ளை, பேஸ், டாப் என்று ஐந்து பாட்டில் வேண்டும். பாட்டில் கெட்டியாகிவிட்டால் ரிமூவரை ஊற்றி இளக்காதீர்கள், பூச்சு பிடிக்காமல் போய்விடும். நகப்பூச்சுக்கென்றே தின்னர் கிடைக்கிறது, இரண்டு சொட்டுப் போதும்.

எடுப்பது சுலபம், சாதாரண ரிமூவர் போதும். அடுக்கு கனமாக இருப்பதால் பஞ்சை நகத்தின் மேல் பத்து வினாடி அழுத்தி வைத்து, அப்புறம் இழுக்க வேண்டும். சமையல் செய்யும் கையில் மூன்று நாளில் நுனி பெயரும்.

## மினுக்கு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் ஓட்டு

ஒரே நிறம் பூசி, காய்ந்ததும் நுனியிலிருந்து பாதி வரை மினுக்குப் பூச்சை இழுப்பது. நுனியில் நெருக்கமாக, நடுவில் சிதறலாக. இவ்வளவுதான் முறை. மினுக்கில் கோடு என்பதே விழாது, அதனால் தப்பும் தெரியாது. வலது கையில் கோணல்மாணலாக வந்தாலும் வேண்டுமென்றே செய்தது போலத்தான் இருக்கும். குழந்தை அழுதால் எழுந்து போய்விட்டு வந்து தொடரலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னது இதைத்தான். ஒரே ஒரு நிபந்தனை: நன்றாகக் காய்ந்த பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும், ரிமூவர் பாட்டிலைப் பரணில் வைக்க வேண்டும்.

நாலு முறையில் தேய்மானம் கண்ணில் படாததும் இதில்தான். நுனி கொஞ்சம் பெயர்ந்தால் அதன் மேல் இன்னும் கொஞ்சம் மினுக்கு, முடிந்தது கதை. சாம்பார்க் கறையும் அதில் தெரியாது.

இதன் வினை எடுக்கும்போது. சாதாரணப் பூச்சில் மினுக்கைப் போல அடம் பிடிப்பது எதுவும் கிடையாது. பஞ்சைப் பிய்த்துக்கொண்டு வரும், நகத்தைச் சுரண்டத் தோன்றும். ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து அலுமினியம் ஃபாயிலைச் சுற்றி ஐந்து நிமிடம் விட்டால் இளகும். ஒரு நாள் விசேஷத்துக்கு மட்டும் என்றால் பேஸ் கோட்டுக்குப் பதிலாக ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் போடுங்கள். மறுநாள் வெந்நீரில் கையை வைத்தால் தோல் உரிவது போல முழுதாக வந்துவிடும். ஆனால் பாத்திரம் தேய்த்தாலும் வந்துவிடும், அது உங்கள் சமர்த்து.

## ஜெல்: அழகில் முதலிடம், பொறுப்பிலும்

கோடே தெரியாமல், கண்ணாடி போல, பதினைந்து நாள் அசையாமல் நிற்பது வேண்டுமென்றால் ஜெல்தான். இதை ஒப்புக்கொண்டுவிட்டே மற்றதைப் பேசுகிறேன்.

ஜெல் தானாகக் காயாது, விளக்கின் புற ஊதாக் கதிர் பட்டால்தான் இறுகும். அதனால் நிறங்களைக் கலப்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மஞ்சளையும் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விசிறி போன்ற தட்டைப் பிரஷ்ஷால் சேரும் இடத்தில் தடவித் தடவிக் கரைக்கலாம். பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி. வெயில், பனி எதுவும் கணக்கில்லை. வலது கையும் நன்றாகவே வரும், அவசரமே இல்லையே.

ஒரு எச்சரிக்கை: ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள். வெயிலிலும் அந்தக் கதிர் இருக்கிறது. நான் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுக் காப்பி போடப் போய்த் திரும்பினால், பிரஷ் குச்சி மாதிரி நின்றது.

இனிச் சிக்கல்கள். ஜெல்லில் இருக்கும் மெத்தாக்ரிலேட் வகைப் பொருள்கள், குறிப்பாக ஹெமா என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது, இறுகாத நிலையில் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அலர்ஜி வரலாம். விரல் நுனி அரிக்கும், வெடிக்கும், சிலருக்கு நகமே கழன்று தூக்கும். ஒரு முறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். இதே குடும்பத்துப் பொருள்களைப் பல் அடைப்பதிலும் பயன்படுத்துவதால் பின்னாளில் அங்கேயும் தொல்லை. வீட்டில் போடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் நாம்தான் தோலில் வழிய விடுகிறோம். விளக்கு பலவீனமாக இருந்தால் மேலே இறுகி, உள்ளே பச்சையாக இருக்கும். எந்த ஜெல்லோ அதற்கென்று சொன்ன விளக்கையே வாங்குவது பாதுகாப்பு.

டிபிஓ என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு பொருளும் சில ஜெல்களில் இருக்கும், விளக்கு பட்டதும் இறுகத் தொடங்கி வைப்பது அது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் இதைத் தடை செய்துவிட்டது. வாங்கும்போது பெட்டியில் பொருள்களின் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலே இல்லாத ஜெல்லை நான் தொட மாட்டேன்.

எடுப்பதோ பெரிய வேலை. மேல் பளபளப்பை அரத்தால் தேய்த்து எடுத்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து ஃபாயில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, இளகியதை மரக்குச்சியால் மெதுவாகத் தள்ள வேண்டும். ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறதே என்று பேருந்தில் உட்கார்ந்து உரித்தீர்களோ, நகத்தின் மேல் அடுக்கும் கூடவே வரும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. மெலிந்த நகம் முழுவதும் புதிதாக வர ஆறு மாதம் போல ஆகும்.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதன் ஆவியும்தான். அடுப்படியிலோ சாமி விளக்கு எரியும் அறையிலோ வேண்டாம். கொலுசு வேலை செய்யும் அக்காவின் வீட்டில் பற்றவைக்கும் தீ எப்போதும் பக்கத்தில் இருக்கும், அவருக்கு ஜெல்லே வேண்டாம் என்றுவிட்டேன்.

செலவு என்று பார்த்தால் விளக்கு, பேஸ், டாப், இரண்டு நிறம், துடைக்கும் திரவம், அசிட்டோன், அரம் எல்லாம் சேர்ந்து முதல் முறை இரண்டாயிரம் ரூபாயைத் தொட்டுவிட்டது எனக்கு. மாதம் இரண்டு தடவை போடுகிறவருக்குக் கட்டுபடியாகும். ஒரு கல்யாணத்துக்கு மட்டும் என்றால், அந்தக் காசுக்குப் பார்லருக்கே போய்விடலாம். கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் யோசியுங்கள். யுஎஸ்பி விளக்காக இருந்தால் பவர் பேங்க் கைகொடுக்கும்.

## ஒட்டு நகம்: ஒரு மாலைக்கு

பத்து நிமிடத்தில் பத்து விரலும் முடியும். நிறம் கரைவது தொழிற்சாலையிலேயே நடந்துவிட்டது. வலது கையும் இடது கையும் ஒரே மாதிரி. ஒட்டும் ஸ்டிக்கர் வைத்துப் போட்டால் அன்றைய ரிசப்ஷனைத் தாண்டும். பசை போட்டு ஒட்டினால் சில நாள் நிற்கும்.

ஆனால் அதோடு மாவு பிசைய முடியாது. இட்லி மாவைக் கையால் கரைத்த என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, ஒன்பது நகத்தோடு எழுந்தாள். பத்தாவதைத் தேடி மாவைச் சல்லடை போட்ட கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

அதை விட முக்கியமானது, நகம் ஒரு ஓரம் தூக்கினால் அடியில் தண்ணீர் போய்த் தேங்கும். அந்த ஈரத்தில் பாக்டீரியா வளர்ந்து சொந்த நகம் பச்சை நிறமாவது உண்டு. தூக்கியதை மேலேயே பசை விட்டு அமுக்காதீர்கள், எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். பசையைக் கடையில் நகத்துக்கென்று கேட்டு வாங்குங்கள். அந்த வகைப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். மடியில் நைட்டியோ பருத்திப் புடவையோ இருந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருக்கும் அளவுகள் எல்லோருக்கும் பொருந்தாது. எனக்குக் கட்டைவிரலுக்குச் சரியானது அகப்படுவதே இல்லை.

## பட்டியலாகப் பார்த்தால்

இவை என் கையிலும் என்னைச் சுற்றி இருப்பவர்கள் கையிலும் பார்த்த கணக்கு. சமைத்து, பாத்திரம் கழுவுகிற கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

| | ஸ்பாஞ்ச் | மினுக்கு | ஜெல் | ஒட்டு நகம் |
|---|---|---|---|---|
| ஆகும் நேரம் | ஒன்றரை மணி நேரம் | 40 நிமிடம் | ஒன்று முதல் இரண்டு மணி நேரம் | 10 முதல் 20 நிமிடம் |
| நிற்பது | 3 முதல் 5 நாள் | ஒரு வாரம் போல | இரண்டு வாரம் | ஒரு நாள் முதல் சில நாள் |
| வலது கை | கஷ்டம், உருட்டினால் வரும் | சுலபம் | நிதானமாக வரும் | சுலபம் |
| இடையில் எழுந்தால் | பாழ் | பரவாயில்லை | விளக்குக்கு முன் என்றால் கவனம் தேவை | பரவாயில்லை |
| எடுப்பது | சுலபம் | அடம் பிடிக்கும் | அரை மணி நேரத்துக்கு மேல் | வெந்நீரில் ஊறவைத்து |
| தெரியாத செலவு | பூச்சு வீண், ஐந்து பாட்டில் | பஞ்சும் ரிமூவரும் | விளக்கு, அசிட்டோன், நகத்தின் கனம் | சேராத அளவுகள் வீண் |

## நிறம் தேர்ந்தெடுப்பது

எந்த முறையானாலும், இரண்டு நிறம் சேரும் இடத்தில் மூன்றாவது நிறம் ஒன்று பிறக்கும். அது நல்லதாகப் பிறக்குமா என்று முதலில் ஒரு காகிதத் தட்டில் கலந்து பாருங்கள். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் ஆரஞ்சு, நல்லது. நீலமும் ரோஸும் ஊதாவாகும், அதுவும் நல்லது. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் சேறு. ஊதாவும் மஞ்சளும் அப்படியே. புடவைக்கு உடலும் பார்டரும் எடுப்பாக இருக்கிறது என்று அதே இரண்டையும் நகத்தில் போட்டு ஏமாந்தவர்கள் நிறைய. அங்கே நிறங்கள் பக்கத்தில் இருக்கின்றன, இங்கே ஒன்றுக்குள் ஒன்று போகின்றன. அந்த இரண்டுமே வேண்டும் என்றால் நடுவில் ஒரு பட்டை வெள்ளையையாவது விடுங்கள்.

வெளிரை அடியிலும் அடர் நிறத்தை நுனியிலும் வையுங்கள். நகம் வளரும்போது அடியில் விழும் இடைவெளி வெளிர் நிறத்தில் தெரியாது. நுனியில் அடர் நிறம் இருந்தால் குழம்பின் மஞ்சளும் தெரியாது. நுனி வெள்ளையாக முடிகிற வகை படத்தில் பார்க்க அழகுதான். கத்தரிக்காய்ப் புளிக்குழம்போடு ஒரு வேளை சாப்பிட்டு முடித்ததும் இடது கை கல்யாணப் பெண் மாதிரி இருக்கும், வலது கை மஞ்சள் அரைத்தது மாதிரி.

## யாருக்கு எது

கைக்குழந்தைக்காரிக்கு மினுக்கு என்று சொல்லிவிட்டேன். வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத மாதங்களில் அதுவும் வேண்டாம் என்று தோன்றினால் மருதாணி இருக்கிறது. எங்கள் அம்மாயி ஆடி மாதம் அரைத்து வைப்பார். விரல் நுனியில் தொப்பி போட்டுவிட்டால் நகத்தில் ஏறின சிவப்பு, நகம் வளர்ந்து வெட்டும் வரை போகாது. அடியில் வெள்ளை, மேலே சிவப்பு என்று தானாகவே இரண்டு நிறமாகிவிடும். ரசாயனம் கலந்த கறுப்பு மருதாணி மட்டும் வேண்டவே வேண்டாம், தோலைப் புண்ணாக்கிவிடும்.

மாதம் இரண்டு முறையாவது நகம் போடுகிற, கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்க்கிற, நிதானமான ஆளாக இருந்தால் ஜெல் வாங்கலாம். நிதானம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஓரத்தைக் கண்டால் உரிக்கிற கையா உங்களுடையது? வேண்டாம்.

கொலுசு அக்காவுக்குக் கை நகத்தில் எதுவும் நிற்காது. நாள் முழுக்க வெள்ளி வளையத்தைக் குறடால் பிடித்து நகத்தால் அமுக்குகிற வேலை. அவருக்குக் கால் நகத்தில் ஸ்பாஞ்ச் போட்டுவிட்டேன். காலில் வலது இடது பிரச்சினை இல்லை, சாம்பார் இல்லை, பாத்திரம் இல்லை, மூன்று வாரம் ஆகியும் கட்டைவிரல் அப்படியே இருக்கிறது. ஊருக்கெல்லாம் கொலுசு செய்கிறவர் தன் காலுக்கு ஒன்று போட்டுக்கொண்டு வந்து காட்டினார்.

அக்கா மகள் ஜெல்லுக்குத்தான் ஆசைப்பட்டாள். ஒரு கல்யாணத்துக்காக இரண்டாயிரம் ரூபாயா என்று அக்கா போட்ட சத்தத்தில் ஸ்பாஞ்சுக்கு இறங்கி வந்தாள். கடைவீதியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும் வாங்கினோம். வியாழக்கிழமை இரவு விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்து போட்டோம். இடது கை செந்தூராவேதான். வலது கையில் நாலு விரல் உருட்டி வந்துவிட்டது, கட்டைவிரலில் மட்டும் மூன்று தடவை அழித்தும் கோடு கோடாகவே நின்றது. கல்யாணத்துப் படங்களை அனுப்பியிருக்கிறாள். எல்லாப் படத்திலும் அந்தக் கட்டைவிரல் பூங்கொத்துக்குப் பின்னால் இருக்கிறது.